பிசிறு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ரிலீஸ் முடிந்து எல்லோரும் கொஞ்சம் தளர்வாக இருந்த நேரம். டீமில் இருக்கும் ஒரு பையன் வந்து தன் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டான். "கேளுங்க, யாருன்னு சொல்லுங்க."

கேட்டேன். சந்தேகமே இல்லை, ஃப்ரெடி மெர்க்குரி. ஆனால் அந்தப் பாட்டு அவர் இறந்து முப்பது வருடம் கழித்து வந்தது. ஏஐ கவர். யாரோ ஒருவர் பாடிய ட்ராக்கின்மேல் ஃப்ரெடியின் குரலை ஒரு மாடல் போர்த்தியிருக்கிறது. உச்சத்தில் வரும் அந்த நடுக்கம், சொல்லின் முடிவில் வரும் சின்ன உறுமல், மூச்சு எடுக்கும் சத்தம்கூட இருந்தது. அசந்துபோனேன். ஒன்றரை நிமிடம்தான். அதற்குப்பின் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன்.

"ஏன், நல்லா இல்லையா? எல்லாமே கரெக்டாத்தானே இருக்கு?"

இருந்தது. எல்லாமே கரெக்டாகத்தான் இருந்தது. அதனால்தான் அந்தக் கேள்வி இரண்டு வாரமாக என்னை விடவில்லை. காதுக்கு வரும் ஒலி அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் ஏதோ ஒன்று இல்லை என்று படுகிறதே, அந்த 'ஏதோ ஒன்று' எது? ஒரு ராக் பாடகரைப் பெரிய பாடகர் என்றும், இவரைப்போல் இன்னொருவர் இல்லை என்றும் சொல்கிறோமே, அங்கே நாம் எதைச் சொல்கிறோம்?

1

தமிழில் நல்ல பாடகரைப் பாராட்ட இரண்டு சொற்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, குரல்வளம். இன்னொன்று, 'பிசிறு தட்டாமப் பாடுறாரு'. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ராக் இசைக்குள் போனால் வாசலிலேயே மாட்டிக்கொள்வோம்.

பாப் டிலனுக்குக் குரல்வளம் என்று எதைச் சொல்வது? லூ ரீட் பாதி நேரம் பேசிக்கொண்டுதான் இருப்பார். டாம் வெய்ட்ஸின் குரலைக் கேட்டால் சரளைக் கற்கள்மேல் வண்டி போவதுபோல் இருக்கும். ஜானிஸ் ஜாப்ளினின் குரலில் பிசிறு தட்டாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிசிறு என்றால், துணியின் ஓரத்தில் நூல் பிரிந்து நிற்பது. கச்சேரி மேடையில் அது குறை. ராக்கில் பல நேரம் அதைக் கேட்கத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.

அதற்காகத் திறமை தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஃப்ரெடியையே எடுத்துக்கொள்வோம். சான்சிபாரில் 1946இல் ஒரு பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்தவர். பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர். பியானோ தெரியும், ஓபரா பிடிக்கும், ஸ்டூடியோவில் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து ஒரு கூட்டமே பாடுவதுபோல் ஆக்கத் தெரியும். அது கைவேலை. ஆனால் அவரைவிட அகலமான குரல் வீச்சு உள்ளவர்கள், சுருதி துல்லியமானவர்கள் உலகத்தின் இசைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. டிலன் பெயர் தெரியும். ஆக, திறமை கதவுவரை கொண்டுபோய் விடும். சிலரை அதுகூட இல்லாமலேயே உள்ளே விட்டிருக்கிறார்கள்.

துல்லியம்தான் விஷயம் என்றால் பிரச்சினை 1997இலேயே முடிந்திருக்க வேண்டும். அந்த வருடம்தான் ஆட்டோட்யூன் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்குமுன் எண்ணெய்த் துறையில் இருந்தவர். பூமிக்கு அடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று அறிய நில அதிர்வு அலைகளை அலசும் கணக்கு அவருடைய தொழில். அதே வகைக் கணக்கைப் பாடகரின் சுருதிக்குத் திருப்பினார். எஞ்சினியராக எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் சுருதி சுத்தமாகப் பாடலாம். அதற்காகப் பெரிய பாடகர்கள் திடீரெனப் பெருகிவிடவில்லை.

2

சரி, அப்போ தனித்துவம்தான் பதிலா? யாரும் நகலெடுக்க முடியாத குரல்?

2016இல் ஆஸ்திரியா, செக், ஸ்வீடன் ஆய்வாளர்கள் சிலர் ஃப்ரெடியின் குரலை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவருடைய பேட்டிகளை அளந்து பார்த்தால், பேசும் குரலின் அதிர்வெண் சுமார் 117 ஹெர்ட்ஸ். அதாவது இயல்பில் அவர் பாரிடோனாக, நடுத்தர ஆண்குரல்காரராக இருந்திருக்கலாம். நாம் டெனர் என்று நம்பிக்கொண்டிருந்தோம். வைப்ராட்டோ நொடிக்கு ஏறக்குறைய 7 முறை, வழக்கத்தைவிட வேகம். அந்த உறுமலுக்குக் காரணம், குரல்நாண்களோடு அவற்றுக்கு மேலே இருக்கும் மடிப்புகளும் சேர்ந்து அதிர்வதாக இருக்கலாம் என்றார்கள்.

இதில் என்னை நிறுத்திய இடம் வேறு. ஃப்ரெடி உயிரோடு இல்லை, அவர் தொண்டைக்குள் கேமரா விட முடியாது. அதனால் அவரைப்போலவே பாடத் தெரிந்த இன்னொரு ராக் பாடகரை அழைத்து, பாடச் சொல்லி, நொடிக்கு 4,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கும் கேமராவால் படம்பிடித்தார்கள். அந்த உறுமல் அவர் தொண்டையிலும் நடந்தது! அதாவது, ஃப்ரெடியின் முத்திரை என்று நாம் நினைத்த விஷயத்தை இன்னொரு உடம்பும் செய்யும். நகலெடுக்க முடியாதது என்று ஒலியில் எதுவும் இல்லை. ஒன்று கொஞ்சம் கஷ்டம், இன்னொன்று ரொம்பக் கஷ்டம், அவ்வளவுதான். இப்போது மெஷினுக்கு அதுவும் சுலபம்.

தனித்துவம் என்பது தானாகவே ஒரு பெருமையும் இல்லை. எல்லாக் குரலும் தனித்துவமானதுதான். என் பெரியப்பாவின் குறட்டையை நூறு குறட்டைகளுக்கு நடுவில் அடையாளம் சொல்வேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஜர்னி குழுவின் கிட்டாரிஸ்ட் நீல் ஷான் 2007இல் யூட்யூபில் ஒரு பிலிப்பைன்ஸ் பாடகரைக் கண்டுபிடித்தார். ஆர்னெல் பினேடா. ஸ்டீவ் பெர்ரி விட்டுப்போன இடத்தில் கிட்டத்தட்ட பெர்ரியின் குரலிலேயே பாடுகிறவர். 'வெறும் நகல்' என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் சிறுவயதில் தாயை இழந்து, வீடில்லாமல் மணிலாவின் தெருக்களில் தூங்கிய ஒருவர், மைதானம் நிறைந்த கூட்டத்தின் முன் அந்தப் பாட்டுகளை ஓடிக் குதித்துப் பாடும்போது அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏஐ கவரில் இல்லாத ஏதோ ஒன்று அந்த 'நகலில்' இருக்கிறது.

அதற்கு நேர்மாறான கதை ஏசி/டிசியுடையது. 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். குழு பிரையன் ஜான்சனைச் சேர்த்தது. ஸ்காட்டின் குரலில் ஒரு கண்சிமிட்டல் இருக்கும், குறும்பு இருக்கும். ஜான்சன் அதைத் தொடவே இல்லை. தகரத்தைக் கிழிப்பதுபோன்ற தன் கீச்சுக்குரலையே எடுத்துவைத்தார். அந்த ஜூலையிலேயே 'பேக் இன் பிளாக்' வந்தது. உலகத்தில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களில் ஒன்று. செத்துப்போன நண்பனுக்காகக் கறுப்பு உறை போட்ட ஆல்பம். அதில் அந்த நண்பனைப்போலப் பாட முயலாமல் இருந்ததுதான் அவனுக்குச் செய்த மரியாதை என்று தோன்றுகிறது.

ஒருவர் முன்னவரைப்போலவே பாடுகிறார், இன்னொருவர் முன்னவரைப்போல் பாட மறுக்கிறார். இரண்டும் உண்மையாகப் படுகிறது. அப்படியானால் தேடுவது ஒலியில் இல்லை.

3

இங்கேதான் மூன்றாவது பதில் வந்து நிற்கும். அது எல்லோருக்கும் பிடித்த பதில். எனக்கும் இருபது வயதில் பிடித்தது. வலி. 'உள்ளேயிருந்து வரணும் மச்சான்' என்போமே, அது.

எஞ்சினியரிங் ஹாஸ்டலில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். எங்கள் பேண்டின் பாடகன். நான் பேஸ் கிட்டார், அதுவும் சுமாராக. அவனுக்கு இயல்பில் மெல்லிய குரல், கொஞ்சம் கீழ்ஸ்தாயி. ஆனால் அவனுக்குக் கர்ட் கோபேன் ஆக வேண்டும். நிர்வாணா 1993 நவம்பரில் நியூயார்க்கில் எம்டிவிக்காக நடத்திய அன்பிளக்டு கச்சேரியை லேப்டாப்பில் போட்டுப் போட்டுப் பார்ப்போம். கடைசிப் பாட்டு ஒரு பழைய நாட்டார் பாடல். முடிவில் கோபேன் எட்டு சுரம் மேலே தாவிக் கத்துவார், குரல் கிழியும். கடைசி வரியின் நடுவில் சட்டென்று நின்று, கண்ணைத் திறந்து ஒரு மூச்சு எடுப்பார். அந்த மூச்சைப் பார்க்கத்தான் மொத்தக் கச்சேரியையும் பார்ப்போம். ஐந்து மாதத்தில் அவர் இறந்துவிட்டார், 27 வயது. அது தெரிந்து பார்ப்பதால் அந்த மூச்சு இன்னும் கனமாகத் தெரிந்தது.

என் நண்பன் அந்தக் கிழிசலைத் தேடிப் போனான். சிகரெட் பிடித்தால் குரல் கரகரக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஃப்ரெடி மெர்க்குரி தன் கடைசிக் காலத்தில் ஒரு பாட்டைப் பாட முடியுமா என்று பிரையன் மே தயங்கியபோது, ஒரு மடக்கு வோட்காவைக் குடித்துவிட்டு ஒரே மூச்சில் பாடி முடித்தார் என்று மே சொல்லியிருக்கிறார். அந்தக் கதையை ஹாஸ்டலில் அவனுக்குச் சொன்னதே நான்தான். அதில் நாங்கள் வோட்காவை எடுத்துக்கொண்டோம். அதற்குப் பின்னால் இருந்த இருபது வருடப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் வருடம் கல்ச்சுரல்ஸில் அந்தப் பாட்டைப் பாடினான். முந்தின இரண்டு நாளாகவே தொண்டை கட்டியிருந்தது. "பாத்துக்கலாம்டா" என்றான். கடைசியில் அந்தத் தாவலில் குரல் உண்மையாகவே கிழிந்தது. ஒரு சொல் வெறும் காற்றாக வந்தது. அரங்கமே எழுந்து கத்தியது. மேடையில் அவனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், அவன் முகம் எனக்குத் தெரிந்தது. பயந்திருந்தான். ஆனால் நானும் சேர்ந்து கத்தினேன். வாழ்நாளில் நாங்கள் வாங்கிய பெரிய கைதட்டல் அது.

இரண்டு வாரம் பேச்சே வரவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் குரல்நாணில் முடிச்சு என்றார். பேசக்கூடாது, கத்தக்கூடாது. சரியாகிவிட்டது, பேசினான். ஆனால் அந்தக் குரலின் மேல்பகுதி திரும்பவில்லை. அவனும் அதற்கப்புறம் பாடவில்லை.

நாங்கள் கைதட்டியது எதற்கு என்று இத்தனை வருடம் கழித்தும் யோசிக்கிறேன். பாட்டுக்கா, கிழிசலுக்கா?

4

இந்தக் கேள்வி எங்கள் ஹாஸ்டலுக்கு மட்டும் உரியது இல்லை. ராக் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற பிசிறிலும் அது இருக்கிறது.

1969, லாஸ் ஏஞ்சல்ஸ். ரோலிங் ஸ்டோன்ஸ் 'கிம்மி ஷெல்டர்' பாட்டுக்கு ஒரு பெண்குரல் வேண்டும் என்று நடுராத்திரியில் மெர்ரி கிளேட்டனுக்கு போன் போகிறது. அவர் தூங்கப் போயிருந்தார், கர்ப்பமாக இருந்தார். கிளம்பி வந்து பாடினார். இன்னொரு முறை என்றார்கள். யாரென்று காட்டிவிடலாம் என்ற வீம்போடு இன்னும் மேலே ஏறினார். அந்த உச்சியில் அவர் குரல் உடைகிறது. குரலை மட்டும் தனியாகப் பிரித்த பதிவில், அது உடையும் கணத்தில் மிக் ஜாகர் உற்சாகத்தில் கூவுவது பின்னணியில் கேட்கும். அந்த உடைசலை அழிக்காமல் அப்படியே வைத்தார்கள். இன்றைக்கும் அந்தப் பாட்டில் எல்லோரும் காத்திருப்பது அந்த இடத்துக்குத்தான்.

வீட்டுக்குத் திரும்பிய கிளேட்டன் அந்தக் கருவை இழந்தார். பாட்டுதான் காரணம் என்று யாரும் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பாட்டும் அந்த இழப்பும் அவர் மனதில் ஒட்டிக்கொண்டன. ஆல்பத்தின் உறையில் அவர் பெயரைக்கூடத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். பின்னணிப் பாடகிகளைப் பற்றிய '20 ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்' என்ற ஆவணப்படத்தில் (2013) அவர் அந்த இரவைச் சொல்வதைப் பார்க்கலாம்.

இது தெரிந்தபின் அந்தப் பாட்டை எப்படிக் கேட்பது? கேட்காமல் விடுவதா? முயன்றேன். அது கிளேட்டனுக்குச் செய்யும் மரியாதையாகத் தெரியவில்லை. அவர் பாதிக்கப்பட்டவர் மட்டும் இல்லை. அந்த உச்சிக்குப் போகத் தீர்மானித்தவர் அவர். அந்த ஒலியை உண்டாக்கியவர் அவர். அவருடைய வலியை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய முடிவைக் கழித்துவிட்டால், அதுவும் பெயரைத் தப்பாக அச்சடிப்பதுதான்.

வலியே போதும் என்றால் உலகத்தில் பெரிய பாடகர்களுக்குப் பஞ்சமே இருக்காது. எந்த அரசு ஆஸ்பத்திரி வராண்டாவிலும் கோபேனைவிட வலித்த குரல்கள் கேட்கும். அவை பாட்டு ஆவதில்லை. இடையில் இன்னொன்று நடக்க வேண்டும்.

5

அந்த இன்னொன்று, தீர்மானம் என்று நினைக்கிறேன். தன் குரலின் எல்லை எது என்று தெரிந்து, அந்த எல்லையில் என்ன செய்வது என்று தானே முடிவெடுப்பது. அதற்குப் பொறுப்பு ஏற்பது.

டிலனுக்குப் பாட வராது என்று நம்புகிறவர்கள் 1969இல் வந்த 'நாஷ்வில் ஸ்கைலைன்' ஆல்பத்தைக் கேட்க வேண்டும். வழவழப்பான, கனிந்த குரலில் பாடியிருப்பார். ரசிகர்கள் இது யார் என்று குழம்பினார்கள். அப்படிப் பாடவும் அவருக்கு வழி இருந்திருக்கிறது. ஆக அந்த மூக்கால் பாடும் கரகரப்பை இயலாமை என்று மட்டும் சொல்ல முடியாது, அதில் தேர்வும் இருந்தது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், பக் என்று நாம் நினைத்ததை அவர் தெரிந்தே ஃபீச்சராக வைத்திருந்தார்.

ஃப்ரெடியும் அப்படித்தான். மேல்தாடையில் அவருக்குக் கூடுதல் பற்கள். அதனால் முன்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். கூச்சப்பட்டிருக்கிறார், ஆனால் குரல் மாறிவிடுமோ என்று சரிசெய்யவில்லை. 1975 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தொண்டைப் பிரச்சினையால் சில கச்சேரிகளை ரத்து செய்ய வேண்டியிருந்தது. ஸ்டூடியோவில் தொட்ட உச்ச சுரங்களை மேடையில் பல நேரம் அவர் தொடமாட்டார். மெட்டை வளைத்துக் கீழே பாடிவிடுவார், இல்லை டிரம்ஸிலிருந்து ரோஜர் டெய்லர் அந்த உச்சியை எடுத்துக்கொள்வார். 1985 லைவ் எய்டை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். எங்கே ஏற வேண்டும், எங்கே ஏறக்கூடாது என்று ஒரு மனிதர் கணத்துக்குக் கணம் முடிவெடுப்பது தெரியும். நாங்கள் ஹாஸ்டலில் வோட்காவைப் பார்த்தோம். இதைப் பார்க்கவில்லை.

ஜானி கேஷ் கன்ட்ரி பாடகர்தான், ஆனால் ராக் உலகமும் அவரைத் தன்னவர் என்கிறது. 2002இல், எழுபது வயதில், நோயால் தளர்ந்த குரலில், நைன் இன்ச் நெய்ல்ஸின் 'ஹர்ட்' பாட்டைப் பாடினார். டிரென்ட் ரெஸ்னர் இருபதுகளின் கடைசியில் வெளியிட்ட பாட்டு. கேஷ் ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினார். ஆனால் பாட்டு இளைஞனின் தன்வெறுப்பிலிருந்து கிழவனின் கணக்குப் பார்த்தலாக மாறிவிட்டது. வீடியோவைப் பார்த்த ரெஸ்னர், இந்தப் பாட்டு இனி என்னுடையது இல்லை என்ற பொருளில் பேசினார். கேஷ் தன் குரலின் நடுக்கத்தை மறைக்கவும் இல்லை, பெரிதாக்கிக் காட்டவும் இல்லை. இருக்கிற குரலுக்கு ஏற்றபடி பாட்டை வைத்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார்.

'இதுவும் வலியைத்தானே வேறு பெயரில் சொல்கிறாய்' என்று கேட்கலாம். இல்லை. வலி ஒருவருக்கு நேர்வது. தீர்மானம் ஒருவர் செய்வது. கேஷின் நோய் கேஷின் சாதனை இல்லை. அந்த நோய்க்குள்ளிருந்து எந்தச் சுருதியில், எந்த வேகத்தில், எதை விட்டு எதைப் பாடுவது என்று முடிவெடுத்தது அவருடைய சாதனை. பினேடா பெர்ரியைப்போலப் பாடுவதும், ஜான்சன் ஸ்காட்டைப்போலப் பாட மறுப்பதும் ஒரேபோல உண்மையாகப் படுவதற்கும் இதுவே காரணம். இரண்டிலும் ஒரு ஆள் தன் தொண்டையைப் பணயம் வைத்து ஒரு முடிவோடு நிற்கிறார். இன்று ராத்திரி அது தவறிப்போகலாம். தவறினால் அது அவருடைய தவறு. அவருடையதாக இருப்பதால்தான் தவறாமல் போகும்போதும் அது அவருடையது.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வரலாம். அந்த ஏஐ கவரில் என்ன இல்லை? அந்த மாடலுக்குத் தொண்டை கட்டாது. அதற்குத் தொட முடியாத சுரம் எதுவும் இல்லை. அதனால் தொடாமல் விடுவதற்கும் எதுவும் இல்லை. அது பிசிறையும் உண்டாக்கும், ஆனால் அந்தப் பிசிறை வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. யாரும் இல்லாத வீட்டில் விளக்கு எரிவதுபோல. நாளைக்கே அதை வேறுபடுத்த முடியாதபடி வந்துவிடும், என் காது ஏமாறும், தெரியும். ஏமாறுவது வேறு. ஒரு நண்பரின் கையெழுத்தைப்போலவே ஒருவர் எழுதிய கடிதத்தில் நான் ஏமாறலாம். அதற்காக நண்பர் எனக்குக் கடிதம் எழுதிவிட்டார் என்று ஆகாது.

இதில் கேட்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. பிசிறைக் கேட்கலாம், நேசிக்கலாம். ஆனால் அதைக் கோரக் கூடாது. குரல் கிழியும் இடத்தில் கைதட்டுகிறவன், தான் எதற்குக் கைதட்டுகிறோம் என்று ஒருமுறையாவது தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு அது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

போன வாரம் என் நண்பனுக்கு இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். அந்த மேடையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. 'நானும் கத்தினேன், ஸாரிடா' என்று முடித்திருந்தேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. மறுநாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. நாற்பது நொடி. அதே பாட்டு. ரொம்பக் கீழே இறக்கி, அவனுடைய பழைய மெல்லிய குரலில், பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோல அடக்கி. அந்தத் தாவல் வரும் இடத்தில் தாவவில்லை. கீழேயே வைத்து ஒரு சொல்லை விட்டுவிட்டு, ஒரு மூச்சு எடுத்து, மீதியைப் பாடி முடித்தான். பின்னால் ஃபேன் ஓடும் சத்தம்.

அது கோபேனுடைய மூச்சு இல்லை. மூன்று முறை கேட்டேன். கைதட்டும் எமோஜி விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அனுப்பவில்லை. "கேட்டேன்டா" என்று மட்டும் எழுதினேன்.